அம்மாவின் மாத்திரை



போன இதழில் எல்லோரும் சுற்றுலா, திருவிழா பற்றி எழுதியிருந்தீர்கள். நான் ஒரு மாத்திரையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

எங்க அம்மா மல்லிகைப்பூ பறிக்கிற வேலைக்குப் போறவங்க. விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போகணும். போன வருஷம் அம்மா கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எச்சில் முழுங்கும்போது அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். மதுரையில் காட்டினோம். தைராய்டு சுரப்பியில் கட்டி, முழுசா எடுத்துடணும் என்றார்கள். ஐப்பசி மாதம் ஆபரேஷன் நடந்தது. எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று சொன்ன பிறகுதான் அப்பா சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குரல் கரகரன்னு இருந்தது. என்னைக் கூப்பிட முடியாமல் தட்டில் கரண்டியால் தட்டுவாங்க. உதடும் விரல் நுனியும் மரத்த மாதிரி சுறுசுறுங்குது என்பாங்க. தைராய்டுக்குப் பின்னால் கடுகு போல நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். அவைதான் உடம்பில் கால்சியத்தைக் கவனிக்கும். ஆபரேஷனில் அவை கொஞ்ச நாள் சோர்ந்து போகுமாம். அதற்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் குரலும் வந்தது, சுறுசுறுப்பும் நின்றது.

ஆனால் ஒரு மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாங்க. அதுதான் தைராக்ஸின். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் டீயே குடிக்கணும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆயுசு முழுக்கப் போடணும்.

மாசி மாதம் பூ சீசன் தொடங்கியது. டப்பாவும் தீர்ந்தது. மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். "நல்லாத்தானே இருக்கேன், அடுத்த வாரம் பார்ப்போம்" என்றாங்க அம்மா. எதிர்வீட்டு அத்தை, "தினமும் மாத்திரை தின்னா உடம்பு அதுக்கே பழகிடும். அயோடின் உப்பு சேத்துக்க, போதும்" என்று சொன்னது. அத்தை நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. இரண்டு வாரம் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நாங்களும் மறந்தே போனோம்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா மாறினாங்க. பங்குனி வெயிலில் போர்வை கேட்டாங்க. முகம் உப்பியது. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாங்க. மற்றவர்கள் மூன்று கிலோ பூ பறிக்கிற நேரத்தில் அம்மா ஒரு கிலோதான் பறித்தாங்களாம். எனக்கு முழு ஆண்டுத் தேர்வு. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டு இருந்தாங்க. பசியோடு கிளம்பும்போது, அப்பா முன்னாடியே, "நீ சோம்பேறி ஆயிட்டம்மா" என்று கத்திவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. "எனக்கே என்னன்னு தெரியல தாயி" என்று மட்டும் சொன்னாங்க.

அந்த வாரம் கிராமத்து நர்சம்மா பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட வந்தாங்க. அம்மா முகத்தைப் பார்த்ததும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை போடுறீங்களா?" என்பதுதான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். மிகவும் ஏறியிருந்தது. டாக்டரம்மா என்னிடம், "உங்கம்மா சோம்பேறி இல்லம்மா. விளக்குல எண்ணெய் இல்லன்னா திரியத் திட்டி என்ன பண்றது?" என்றாங்க. எனக்கு அழுகை வந்துவிட்டது. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகுமாம். அதனால்தான் நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றி விடுகிறது.

அக்காவின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். தைராக்ஸினை ஆளுமை ஹார்மோன் என்று போட்டிருந்தது. உடம்புச் சூடு, சுறுசுறுப்பு எல்லாம் அதனால்தான். அயோடினை வைத்து அதைச் செய்வது தைராய்டு சுரப்பி. சுரப்பியே இல்லாதவருக்கு உப்பு மட்டும் எப்படிப் போதும்? மாவு இருக்கிறது, அடுப்பு இல்லை என்கிற கதைதான். இதை அத்தையிடம் சொன்னேன். "அப்படியா சங்கதி!" என்றது.

அறிவியல் ஆசிரியர் இன்னொன்று சொன்னார். சுவிட்சர்லாந்தில் தியோடர் கோச்சர் என்ற டாக்டர் இந்த ஆபரேஷனில் பெரிய கெட்டிக்காரர். சுரப்பியை முழுவதும் எடுத்தவர்கள் பிறகு மந்தமாகிப் போவதை அவர் கவனித்து 1883-ல் எழுதினார். 1909-ல் நோபல் பரிசு பெற்றார். அன்றைக்கு அந்த நோயாளிகளுக்குக் கொடுக்க மருந்து இல்லை. 1891-ல்தான் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் 28 வருஷம் வாழ்ந்தாராம். எங்க அம்மாவுக்கு ஆடு வேண்டாம், ஒரு சின்ன மாத்திரை போதும். அதைத்தான் நாங்கள் விட்டிருந்தோம்.

மாத்திரையை மறுபடி தொடங்கியும் அம்மா மறுநாளே எழுந்துவிடவில்லை. பல வாரம் ஆனது. ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்து அளவை மாற்றினார்கள். முதலில் போர்வையை மடித்து வைத்தாங்க. பிறகு குழம்பு ருசியானது. வைகாசிக் கடைசியில் பழையபடி தோட்டத்துக்குப் போனாங்க.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அம்மா மாத்திரை போட்ட பிறகுதான் தினசரி காலண்டரில் நான் தாளைக் கிழிப்பேன். தாள் கிழியவில்லை என்றால் எங்கள் வீட்டில் இன்னும் நேற்றுதான்! டப்பாவில் பத்து மாத்திரை இருக்கும்போதே அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

தோழிகளே, உங்கள் வீட்டில் யாராவது திடீரென்று மந்தமாகிப் போனால் உடனே திட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அன்று சொன்ன வார்த்தைக்கு நான் இன்னும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நேரில் கேட்க வெட்கமாக இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவாங்க. இந்தச் சுவர் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. அதற்காகத்தான் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கிறேன்.



— 9-ஆம் வகுப்பு மாணவி