நம்பெருமாள்: ஓர் அரிய பெயரின் ஊர்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடதிசை நோக்குவோர்க்கு, காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளாக அணைத்து நிற்கும் ஒரு தீவும், தென்னைகளுக்கு மேலே தலைநீட்டும் கோபுரங்களும் தெரியும். அதுவே திருவரங்கம், பேச்சு வழக்கில் ஸ்ரீரங்கம். மலைக்கோட்டைக்கு அருகே, தெப்பக்குளத்தை அடுத்து எழுந்து நிற்கும் நம் தூய லூர்து அன்னை ஆலயத்திலிருந்து அவ்வூர் வெகு தொலைவில் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் சென்று சேரலாம். ஆயினும் திருச்சிக்குத் திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் வந்து செல்லும் நம் குடும்பத்தினர் பலர், அக்கோபுரங்களைத் தொலைவில் நின்று பார்த்ததோடு திரும்பிவிடுகின்றனர்.

ஸ்ரீரங்கத்தை ஒரு கோயில் என்பதைவிட, கோயிலுக்குள் அடங்கிய ஊர் என்பதே பொருந்தும். ஒன்றனுள் ஒன்றாக ஏழு திருச்சுற்றுகள், இருபத்தொரு கோபுரங்கள், ஏறத்தாழ 156 ஏக்கர் பரப்பு. வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் இருக்கின்றன. உத்திர வீதி, சித்திரை வீதி எனப் பெயர் தாங்கிய தெருக்களில் மக்கள் பிறந்து, வளர்ந்து, வாழ்கின்றனர். தென்வாயிலில் நிற்கும் இராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் அடித்தளத்தோடு நின்றிருந்தது. பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரமாக அது நிறைவு பெற்றது 1987ஆம் ஆண்டில்தான். கருவறைப் பகுதிக்குள் பிற சமயத்தார் செல்லும் வழக்கமில்லை. எனினும் வெளிச்சுற்றுகளில் எவரும் நடக்கலாம், பார்க்கலாம், கேட்கலாம். அவ்வாறு கேட்கக் கிடைக்கும் செல்வங்களுள் ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாகிய ஓர் அரிய பெயர்: நம்பெருமாள்.

அரங்கநாதன், ரங்கசாமி, ரங்கராஜன், ரங்கநாயகி என இவ்வூரிலிருந்து பிறந்த பெயர்கள் தமிழகமெங்கும் ஏராளம். பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு ரங்கராஜனாவது இல்லாத வகுப்பு அரிதாயிருந்த காலமும் உண்டு. ஆனால் நம்பெருமாள் என்று பெயரிடப்பட்ட ஒருவரைச் சந்தித்தவர் நம்முள் எத்தனை பேர்? அப்பெயர் கோயிலுக்குள் ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது. கோயிலுக்கு வெளியே, மனிதருக்கு இட்ட பெயராக, மிக மிக அரிதாகவே கேட்கிறது.

பெயர் பிறந்த கதை

கருவறையில் பள்ளிகொண்ட கோலத்தில் இருப்பவரைப் பெரியபெருமாள் என்றும், திருவீதிகளில் எழுந்தருளும் செப்புத் திருமேனியை நம்பெருமாள் என்றும் வைணவர் வழங்குவர். அத்திருமேனிக்கு அழகிய மணவாளன் என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. நம்பெருமாள் என்ற பெயர் வந்த வரலாற்றைக் கோயில் மரபு பின்வருமாறு கூறும்.

1323ஆம் ஆண்டில் தில்லிப் படை தெற்கே இறங்கி ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. அப்படைக்குத் தலைமை தாங்கிய இளவரசர் உலுக்கானே பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரோடு அரியணை ஏறியவர். படை நெருங்குவதை அறிந்த பெரியோர் கருவறையைச் சுவரெழுப்பி மறைத்தனர். முதுமையால் தளர்ந்திருந்த பிள்ளை லோகாசாரியார் என்னும் ஆசாரியர், உற்சவத் திருமேனியைப் பல்லக்கில் ஏற்றித் தம் சீடரோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மதுரைக்கு அருகே சோதிஷ்குடி என்னும் சிற்றூரில் அவர் உயிர் நீத்தார். உடன் சென்றோர் அதனைக் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் சுமந்து, கேரளம், கன்னடநாட்டு மேல்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராக மறைத்துக் காத்தனர். ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. விஜயநகர அரசின் கீழ்ச் செஞ்சிப் பகுதியை ஆண்ட கோபணாரியர் என்பவர், 1371ஆம் ஆண்டில் அதனை மீண்டும் ஸ்ரீரங்கத்திற்குக் கொணர்ந்தார். சக ஆண்டு 1293 என்ற குறிப்போடு இச்செய்தி கோயிலில் கல்வெட்டாகவும் பொறிக்கப்பட்டுள்ளது.

இனித்தான் சிக்கல் எழுந்தது. இடைக்காலத்தில் ஊரார் வேறொரு திருமேனியைச் செய்து வழிபாடு நடத்தி வந்தனர். வந்தது பழைய திருமேனிதானா என்ற ஐயம் எழுந்தது. அதனை முன்பு கண்ணால் கண்டவர்கள் மறைந்துவிட்டனர். இளையவர்களோ அதனை அறியாதவர்கள். ஏடுகளாலும் வாதங்களாலும் தீர்வு காண இயலவில்லை. அப்போது, கோயில் ஆடைகளை வெளுத்து வந்த முதியவர் ஒருவர் இன்னும் உயிரோடிருப்பது நினைவுக்கு வந்தது. அவருக்கோ பார்வை போய்விட்டது. அவர் ஒரு வழி சொன்னார். இரு திருமேனிகளுக்கும் நீராட்டி, அந்த ஈர ஆடைகளைப் பிழிந்த நீரைத் தமக்குத் தருமாறு கேட்டார். முன்னாளில் அந்த நீரையே தீர்த்தமாக அருந்திப் பழகியவர் அவர். ஒன்றை அருந்தினார், பேசவில்லை. மற்றதை அருந்தினார், அதில் பழகிய கத்தூரி மணத்தையும் சுவையையும் உணர்ந்தார். உடனே, இவரே நம்பெருமாள் என்று உரக்கக் கூவினார். ஊர் அச்சொல்லை ஏற்றது. அச்சொல்லே பெயராயிற்று.

இக்கதையில் நம் உள்ளத்தைத் தொடும் இடங்கள் இரண்டு. ஆசாரியரும் அரசு அதிகாரிகளும் கூடியிருந்த அவையில், சமூகத்தின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு சலவைத் தொழிலாளியின் சான்றே தீர்ப்பாயிற்று என்பது ஒன்று. அவ்வளவு பெரிய பெயரைத் தந்த அம்முதியவரின் சொந்தப் பெயர் வழக்கில் இல்லை என்பது மற்றொன்று. அவரை ஈரங்கொல்லி என்று தொழிலின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். காணிக்கைப் பெட்டியில் இரு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணின் பெயரை நாம் அறிவோமா? ஐந்து அப்பங்களைக் கொடுத்த சிறுவனின் பெயரை அறிவோமா? செய்தவர் பெயர் மறைந்து செயல் நிலைத்து நிற்பது எல்லாச் சமயத்தாரும் அறிந்த உண்மையே. ஆயினும் ஒருவரைத் தொழிலின் பெயரால் மட்டும் நினைவில் வைத்திருப்பது நம்மைச் சிறிது வருத்தவே செய்கிறது, வருத்தவும் வேண்டும்.

‘நம்’ என்னும் சிறுசொல்

இப்பெயரின் உயிர் அதன் முதற்சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘எம்’ வேறு, ‘நம்’ வேறு. எங்கள் வீடு என்றால் கேட்பவருக்கு அதில் பங்கில்லை. நம் வீடு என்றால் கேட்பவரும் அவ்வீட்டுக்காரராகிறார். பல மொழிகளில் இல்லாத இவ்வேறுபாட்டை நாம் செபத்திலும் தவறாமல் கடைப்பிடிக்கிறோம். இறைவனை நோக்கிப் பேசுகையில் ‘எங்கள் தந்தையே’ என்கிறோம். ஒருவரோடொருவர் பேசுகையில் ‘நம் ஆண்டவர்’ என்கிறோம். அம்முதியவர் எங்கள் பெருமாள் என்று கூறியிருந்தால் அது தம் குலத்தின் உரிமையைக் கூறியதாக முடிந்திருக்கும். அவர் நம்பெருமாள் என்றார்; ஐயுற்றோரையும் அச்சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டார்.

வைணவ மரபில் இந்த ‘நம்’ வேறு சிலருக்கும் உரியது. சடகோபர் நம்மாழ்வார் ஆனார். கன்னடநாட்டிலிருந்து வந்து துறவு பூண்டவர் நஞ்சீயர், அதாவது நம் சீயர், ஆனார். அவருடைய சீடர் வரதராசன், ஆசிரியர் எழுதிய உரை நூலைப் படியெடுக்க வாங்கிச் சென்றபோது ஆற்று வெள்ளத்தில் ஏட்டுச் சுவடியைப் பறிகொடுத்தாராம். மனம் தளராமல் நூல் முழுவதையும் நினைவிலிருந்தே எழுதி முடித்தாராம். ஆசிரியர் அதைக் கண்டு மகிழ்ந்து, இவர் நம் பிள்ளை என்று தழுவிக்கொள்ள, அன்று முதல் அவர் நம்பிள்ளை ஆனார் என்பர். இந்நால்வர் பெயரையும் ஒருங்கே வைத்துப் போற்றியவர் 1370ஆம் ஆண்டில் பிறந்த மணவாள மாமுனிகள்.

அந்த ‘நம்’ எவ்வளவு விரிந்தது என்பதற்கு இக்கோயிலிலேயே இன்னொரு சான்றும் உண்டு. பெருமாளிடம் அன்பு பூண்ட சுல்தானின் மகளாகப் போற்றப்படும் துலுக்க நாச்சியாருக்கு இங்கே ஓர் இடமும், கோதுமை ரொட்டிப் படையலும் உண்டு. படையெடுப்பின் வடு ஆறாத ஊர் அப்பெண்ணையும் தன் கதைக்குள் ஏற்றுக்கொண்டது எண்ணத்தக்கது.

பெயர் தாங்கிய பெருமகன்

நம்பெருமாள் என்ற பெயரை மனிதருள் புகழுடன் தாங்கியவர் சென்னையில் வாழ்ந்த தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் (1856–1925). குடும்பப் பெயர் தெலுங்கு. இட்ட பெயரோ காவிரிக்கரைத் தமிழ். கட்டட ஒப்பந்தக்காரராகிய இவர் எழுப்பிய செந்நிறக் கட்டடங்களுள், 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றமும், எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகமும், விக்டோரியா மண்டபமும் அடங்கும். கணித மேதை சீனிவாச இராமானுஜன் நோயுற்றுத் தாயகம் திரும்பியபோது, சேத்துப்பட்டில் தம் இல்லத்தைக் கொடுத்து ஆதரித்தவரும் இவரே. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் இராமானுஜன் கண் மூடியது அங்கேதான். இராமானுஜன் என்ற பெயரும் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து மறைந்த ஆசாரியரிடமிருந்து வந்தது. ஒரே தீவின் பெயர்களைத் தாங்கிய இருவர் சென்னையில், ஒருவர் துன்பத்தில் மற்றொருவர் துணையாக நின்றது நினைக்கத் தக்கது.

இத்துணைச் சிறப்பிருந்தும் பெயர் பரவாதது ஏன்? ரங்கன் என்றால் செல்லமாக அழைக்கலாம், அதட்டலாம். நம்பெருமாள் என்று குழந்தையை அதட்ட எந்தத் தாய்க்கும் நா எழாது. மேலும் அது அழைப்பதற்கு அமைந்த பெயராக அல்லாமல், அறிக்கையிட எழுந்த சொல்லாகப் பிறந்தது. அரிய பெயராகவே அது நின்றதற்கு அவை காரணமாகலாம்.

நம் வீட்டுப் பெயர்கள்

நம் வீடுகளிலும் இவ்வாறு ஊர்களையும் நிகழ்ச்சிகளையும் சுமக்கும் பெயர்கள் உண்டு. லூர்துசாமி என்ற பெயரில் 1858இல் அன்னை காட்சி தந்த பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர் இருக்கிறது. ஆரோக்கியம் என்பதில் வேளாங்கண்ணிக் கடற்கரையும், அடைக்கலம் என்பதில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியும் இருக்கின்றன. சவரிமுத்து என்பதில் புனித சவேரியார் பிறந்த சேவியர் கோட்டை இருக்கிறது. பாஸ்கு மொழியில் அதற்குப் புதுவீடு என்று பொருள். சின்னப்பன் என்பது பவுல் என்ற இலத்தீன் பெயரின் பொருளைத் தமிழில் சொல்வது. 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு இலாசர் என்ற பெயரின் பொருளே தேவசகாயம் என்று தமிழில் அமைந்தது. அப்பெயர் தென் மாவட்டங்களில் வீடுதோறும் பரவியது. 2022இல் புனிதர் வரிசையிலும் ஏறியது.

இன்று குழந்தைக்குப் பெயரிடுகையில் ஓசை பார்க்கிறோம், எண் கணக்குப் பார்க்கிறோம். சூசை, இன்னாசி, அருளப்பன் போன்ற பெயர்கள் தாத்தாவோடு கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றுவிடுகின்றன. புதுப்பெயர் இடுவது பிழையன்று. ஆனால் பழைய பெயரின் கதையைச் சொல்ல வீட்டில் ஒருவரும் எஞ்சாத நாள் வருமானால், நாமும் அன்றைய ஸ்ரீரங்கத்தாரைப் போல, நமக்கு உரியது எதுவென அறியாது நிற்க நேரும். அவர்களுக்குச் சொல்ல ஒரு முதியவர் எஞ்சியிருந்தார்.

திருச்சிக்கு வரும்போது ஒரு மாலைப் பொழுதை ஸ்ரீரங்கத்திற்கும் ஒதுக்குங்கள். சித்திரை வீதிகளைச் சுற்றி வாருங்கள். வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் உள்ள முதியவரிடம், அவருக்கு அப்பெயரை யார், எதற்காக இட்டார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர்த்திக் கேளுங்கள்.