கண்ணீருக்குக் கட்சி உண்டோ?

நான் விளவங்கோடு வட்டத்தில் பிறந்தவன். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்மீது பாய்ந்த குண்டுகளின் கதையைக் கேட்டே வளர்ந்தேன். திருவனந்தபுரம் விடுதியில் அதனைச் சொல்லிக் கொதிப்பது என் வழக்கம். ஆலப்புழை நண்பன் ஒருநாள் கேட்டான்: "1946இல் வயலாரில் மாண்ட தொழிலாளருக்காக நீ என்றேனும் வருந்தியதுண்டா?"

"அது உங்கள் கட்சிக்காரர் கதை" என்றேன்.

"அப்படியானால் வெண்மணி?" என்றான்.

என் நா எழவில்லை. கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. மாண்டோர் தமிழர்தாம். எனினும் அவர்களுக்காக நான் ஒருநாளும் கொதித்ததில்லை. என் பாட்டனார் நிலமுடையவர். கூலி கேட்டவர் பக்கம் என் நெஞ்சு சாயவில்லை. உண்மை அதுதான்.

1954இல் சுட்டது தம் கட்சியின் ஆட்சியே எனினும், பட்டம் தாணுபிள்ளை அமைச்சரவை விலக வேண்டும் என்றார் ராம் மனோகர் லோகியா. மேடைதோறும் அவரைப் புகழ்ந்தேன். அவர் நேர்மையை மட்டும் கற்றேனில்லை.

மாணவ நண்பர்களே! கொன்றவன் யார் எனப் பார்த்த பின்னரே துடிக்கும் நெஞ்சம் நீதியை நாடுவதாகுமா? ஆகஸ்டு 11ஐ நான் மறக்கப் போவதில்லை. ஆனால் இனி, அன்று ஏற்றும் விளக்கு வயலாருக்கும் வெண்மணிக்கும் சேர்த்தே எரியும்.