குற்றாலத்தில் கற்ற கடற்பாடம்

வருகிற மாசி மாதத்தில், கல்லூரியில் உயிரியல் பயிலும் பன்னிரண்டு மாணவ மாணவியரை இலங்கையின் மன்னார்க் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. மன்னார் என்றதும் நம் இல்லங்களில் மருதமடு அன்னையின் நினைவே முதலில் எழும். அன்னையின் திருத்தலத்தைத் தரிசிக்கும் ஆவலும் எங்களுக்கு உண்டு. ஆயினும் நாங்கள் செல்வது, கரையோர உயிரினங்களைப் பற்றிய பத்து நாள் பயிற்சிக்காகவே.

பயணத்திற்கான பட்டியல் நீண்டது. கடவுச்சீட்டு, விசா, பெற்றோர் ஒப்புதல், மருந்துப் பெட்டி, உயிர்காப்புச் சட்டைகள் என்று ஒவ்வொன்றாய் எழுதினேன். பஞ்சாங்கத்தையும் புரட்டினேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் மிகுதியாக வற்றும்; அப்போதுதான் மற்ற நாட்களில் மூழ்கிக் கிடக்கும் பாறைகளைக் காண இயலும். பட்டியல் நிறைவுற்றது என்றே நம்பினேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். "சார், எம் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. ஒங்கள நம்பித்தான் அனுப்புதேன்" என்றார். அச்சொல் என் உறக்கத்தைக் கெடுத்தது. கடலுக்குச் செல்லுமுன் ஒரு சிறு ஒத்திகை வேண்டுமென எண்ணி, ஆடிச் சாரலில் அனைவரையும் தென்காசிக்கு அழைத்து வந்தேன்.

தென்காசியில் இரயிலைவிட்டு இறங்கியதுமே காற்று நம்மை வரவேற்கிறது. செங்கோட்டைக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை சற்றே தாழ்ந்து, ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே புகுந்து இவ்வூரைச் சாரலால் நனைக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நின்றோர் அக்காற்றின் வேகத்தை மறவார்.

குற்றாலத்தில் பேரருவியாய் விழும் நீர், சிற்றாறு என்னும் பெயருடன் தென்காசியைக் கடந்து ஓடுகிறது. பின்பு சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. 16ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து தமிழ்ப் பணி புரிந்த அதே புன்னைக்காயல்தான். இக்கரையில் புன்னைக்காயல், அக்கரையில் மன்னார். மலைக்காட்டில் உதிர்ந்து மக்கும் இலையின் சத்து, ஆற்றோடு இறங்கி, கழிமுகத்து அலையாத்திக் காடுகளில் வளரும் இறால் குஞ்சுக்கும் உணவாகிறது. கடலைப் படிக்க மலைக்கு வருவானேன் என்று கேட்ட மாணவர்களுக்கு இதையே விடையாகச் சொன்னேன்.

அருவிக்குச் சற்றுத் தொலைவில், கூட்டமில்லாத ஆற்றுப் படுகையில் ஒரு முழச் சதுரமாகக் கயிறு கட்டி, அதனுள் இருந்த உயிர்களை எண்ணத் தொடங்கினோம். விரைந்தோடும் நீரில் ஒரு சிற்றீயின் புழு பட்டிழை சுரந்து பாறையில் திண்டு அமைத்து, உடலின் நுனியிலுள்ள நுண்கொக்கிகளால் அதைப் பற்றி நின்றது. வேறொரு புழு மணற்பரல்களைப் பட்டிழையால் ஒட்டி வீடு கட்டியிருந்தது. கடலிலும் இதே போராட்டந்தான். கொட்டலசு தான் சுரக்கும் பசையால் பாறையில் ஒட்டுகிறது. முத்துச்சிப்பி நூலிழைகளால் தன்னைப் பிணைத்துக் கொள்கிறது. பற்றிக்கொள்ளத் தெரிந்தவையே ஓடும் நீரில் வாழ்கின்றன.

அவ்வேளையில்தான் நீச்சல் தெரியாத அந்த மாணவி, "சார், தண்ணி கலங்குது. பச்சை இலையா வருது" என்றாள். எங்களுக்கு மேலே வானம் தெளிந்திருந்தது. எண்ணிக்கை முடியும் தறுவாய். "இன்னும் பத்து நிமிடம்" என்று சொல்லிவிட்டேன். வாசகர்களே, அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது.

2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. மலையின்மேல் பெய்யும் மழை, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் கலங்குவதும், காட்டின் இலையும் சுள்ளியும் மிதந்து வருவதுமே அதன் முன்னறிவிப்பு. இவையனைத்தையும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். சொன்னதைக் கண்டவளோ அவள்.

அவள் மீண்டும் அழைத்தாள். இம்முறை கயிற்றின் ஒரு முனை நீரில் அமிழ்வதைக் கண்டேன். குறிப்பேடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு கரையேறினோம். தலைகளை ஒருமுறைக்கு மும்முறை எண்ணினேன், பன்னிரண்டு. சற்று நேரத்தில் அருவிப் பக்கமிருந்து காவலரின் விசில் ஒலி கேட்டது. நாங்கள் அமர்ந்திருந்த பாறை செந்நீருக்குள் மறைந்தது.

அன்று மாலை தென்காசிக் கடைவீதியில் பன்னிரண்டு விசில்கள் வாங்கினேன். அதுவரை ஒரே ஒரு விசில்தான் இருந்தது. அது என் கழுத்தில் தொங்கியது. மன்னாரில் அபாயத்தை முதலில் காண்பவர் எவராயினும் ஊதலாம். ஊதல் கேட்டதும் எண்ணிக்கை எவ்வளவில் நின்றாலும், ஆசிரியர் உட்பட அனைவரும் கேள்வியின்றிக் கரையேற வேண்டும். இதுவே எங்கள் பட்டியலின் முதல் வரி.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயைச் சந்தித்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அவளுக்கும் ஒரு விசில் உண்டுல்லா சார்?" என்று மட்டும் கேட்டார்.

பிறர் பிள்ளைகளை அழைத்துச் செல்பவனுக்கு அறிவு வேண்டும். அதனினும் மேலாக, சிறியோர் எச்சரிக்கும்போது செவிமடுக்கும் தாழ்மை வேண்டும். மாசி மாதத்தில் உங்கள் குடும்பச் செபமாலையில் எங்கள் பதின்மூவரையும் நினைவுகூருங்கள்.