வரிசையின் கடைசி இடம்

மனைவி காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்து, பென்ஷனும் வாங்கத் தொடங்கிவிட்ட ஒருவன் துறவு மடத்தில் சேர ஆசைப்படுகிறேன் என்றால், கேட்பவர்கள் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: தனிமை தாங்கவில்லை, பாவம். தனிமை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஆசை அவள் இருந்த காலத்திலேயே இருந்தது. விடியுமுன் எழுந்து திருப்பாடல்களைச் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் புறப்படுவேன். நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம்தான் என்று அவளுக்கும் தெரியும்.

இப்போது அதையே நாளெல்லாம் செய்யலாம், தடுப்பாரில்லை. வீட்டிலேயே செய்ய வேண்டியதுதானே, மடம் எதற்கு? இந்தக் கேள்வியைத்தான் சில காலமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கத்தில் வயதான காலத்துத் துறவு என்றால் கட்டறுத்துக்கொண்டு கிளம்புவது. வானப்பிரஸ்தம் என்கிறோம், பட்டினத்தாரைச் சொல்கிறோம். மடத்தில் சேர்வது அப்படியல்ல. அது இந்த வயதில் புதிதாக ஒரு குடும்பத்துக்குள் நுழைவது. முன்பின் அறியாத நாலு பேரோடு ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே உலையில் வெந்ததைச் சாப்பிட்டு, ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருப்பது. வீட்டில் தனியாக ஜெபிக்கிறவனுக்குக் கிடைக்காதது அந்தக் கட்டு. எனக்கு வேண்டியிருப்பதும், பயமாக இருப்பதும் அதுதான்.

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. சாந்திவனம் என்றால் பலருக்கும் தெரியும். பிரான்சிலிருந்து 1939-இல் வந்து திருச்சி மறைமாவட்டத்தில் குருவாக உழைத்த ஜூல் மொன்ஷானின், பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோவுடன் சேர்ந்து 1950-இல் தொடங்கியது அது. மொன்ஷானினுக்கு அப்போது வயது 54. அதுவரை அவர் மடத்துத் துறவி அல்ல, மறைமாவட்டக் குரு. 1957-இல் இறந்துபோனார். 1968-இல் கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்றபோது அவருக்கு 61. அதன்பின் 1993 வரை, கண்மூடும் மட்டும், அந்தத் தோப்புதான் அவருடைய வீடு. இந்த வயதுக் கணக்குகளை எனக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் கிரிஃபித்ஸ் இங்கே வரும்போதே முப்பதாண்டுக்கு மேல் துறவியாக இருந்தவர். கீழ்ப்படிவதை இளமையிலேயே பழகியவர். தலைமையாசிரியராக இருந்த நான் பழகியதோ பிறரைக் கீழ்ப்படியச் சொல்வது.

இந்த இடத்தில்தான் துறவிகளுக்காகப் புனித பெனடிக்ட் எழுதிய விதிநூல் என்னைப் பிடித்துக்கொள்கிறது. ஆறாம் நூற்றாண்டு நூல். சேர வருகிறவனைச் சுலபமாக உள்ளே விடாதே என்கிறது 58-ஆம் அதிகாரம். நாலைந்து நாள் அவன் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கட்டும். எடுத்தபிறகும் ஓராண்டுக்குள் மூன்று முறை விதிநூல் முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டு, முடியாது என்றால் போகலாம் என்று சொல். வார்த்தைப்பாடு கொடுத்தவனின் பழைய உடைகளைத் தூக்கி எறியாமல் துணி அறையில் வைத்திரு. என்றாவது அவன் வெளியேற நேர்ந்தால் மடத்து உடையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு போகட்டும். மனிதனை இவ்வளவு அறிந்து எழுதிய சட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

63-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை. மடத்தில் வரிசை, சேர்ந்த நேரத்தைப் பொறுத்தது. பகலின் முதல் மணி நேரத்தில் வந்தவனுக்கு இரண்டாம் மணி நேரத்தில் வந்தவன் இளையவன். வயதும் அந்தஸ்தும் கணக்கில்லை. அப்படியானால் போன வருஷம் சேர்ந்த இருபத்து நான்கு வயதுப் பையன் எனக்கு மூத்தவர். கோவிலில் அவருக்குப் பின்னால் என் இடம்.

படிக்கும்போது இது அழகாகத்தான் இருந்தது. சாந்திவனத்தில் விருந்தினனாகத் தங்கியிருந்தபோது ஒருநாள் காலை காய் நறுக்க உட்கார்ந்தோம். என் முன்னால் சுரைக்காய். பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தேன். ஓர் இளம் சகோதரர் குனிந்து பார்த்து, “ஐயா, கூட்டுக்குத்தான். இவ்வளவு பொடிசு வேண்டாம், கொஞ்சம் பெரிசாவே போடுங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மனைவி போனதிலிருந்து நானே சமைத்துச் சாப்பிடுகிறவன். பெரிசாக நறுக்கினால் குழையக் குழைய வேகாது தம்பி என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை, பெரிசாகவே நறுக்கினேன். ஆனால் மதிய ஜெபம் முழுவதும் அந்தச் சுரைக்காயைப் பற்றி அவரோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். சொத்தை எழுதிக்கொடுப்பதில் எனக்குச் சிரமமில்லை. எனக்குத் தெரியும் என்ற நினைப்பை எந்தப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பது?

அந்த நினைப்பை விட்டுக்கொடுத்த ஒருவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். செகோவியா ஊர்க் கம்பளி வணிகர் அல்போன்ஸ் ரொட்ரிகுவெஸ் மனைவியையும் பிள்ளைகளையும் வரிசையாகப் பறிகொடுத்தவர். இயேசு சபையில் சேரக் கேட்டபோது படிப்பில்லை, உடல்நலம் இல்லை என்று முதலில் மறுத்துவிட்டார்கள். அதற்காக இலத்தீன் கற்கச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். 1571-இல், நாற்பது வயதை ஒட்டி, குருவாக அல்ல, சகோதரராக எடுத்துக்கொண்டார்கள். மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரியின் வாயிற்காப்பாளராகவே வாழ்ந்து 1617-இல் இறந்தார். பின்னாளில் அடிமைகளுக்காக உழைத்த பீட்டர் கிளேவர், மாணவராக அந்த வாயிற்காப்பாளரிடம்தான் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ பையன்களைப் பெஞ்சில் உட்காரவைத்த எனக்கு, அல்போன்ஸ் வாசலில் நின்றது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாரே, அதுதான் பெரிது.

சட்ட விஷயங்களும் இருக்கின்றன. திருச்சபைச் சட்டம் நவதுறவு என்ற பயிற்சிக் காலத்துக்குக் குறைந்தது 17 வயது என்கிறது, மேல்வரம்பு சொல்லவில்லை. பல சபைகள் தாங்களே வரம்பு வைத்துக்கொள்கின்றன. அறுபதைத் தாண்டியவரை எடுப்பது அபூர்வம். அதை நான் குறை சொல்லமாட்டேன். உழைக்க வருகிறானா, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் தேடி வருகிறானா என்று அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். நவதுறவு ஓராண்டுக்குக் குறையக் கூடாது; தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்றாண்டு; அதன்பிறகே நித்திய வார்த்தைப்பாடு. தீர்க்க முடியாத கடன் உள்ளவரை எடுக்கக் கூடாது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது உயில் எழுதிவிட வேண்டும். சேர்ந்தபின் வருகிற பென்ஷன், சபை விதி வேறு சொன்னாலொழிய, சபைக்கு. இடையில் வெளியேறினால் செய்த வேலைக்கு எதையும் உரிமையாகக் கேட்க முடியாது.

மகளிடம் எதையும் மறைக்காமல் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். சொல்லும்போது ஜேன் பிரான்சிஸ் தெ ஷான்தாலின் ஞாபகம் வந்தது. கணவரை இழந்தவர், 1610-இல் விசிட்டேஷன் சபையைத் தொடங்கப் புறப்பட்டபோது பதின்வயது மகன் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டான், அழுதுகொண்டே அவனைத் தாண்டிப் போனார் என்பது அவர் சரிதத்தில் பேர்போன இடம். அந்தத் துணிவைப் பிரசங்கங்களில் வியந்து சொல்வார்கள். எனக்கு அந்தப் பையனைத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

என் மகள் தடுக்கவில்லை. சுகர் மாத்திரையை யார் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டாள். பென்ஷன் பற்றி நான் மறுபடி ஆரம்பித்ததும், “பணத்தைப் பத்தி நான் கேக்கலையேப்பா. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவீங்களா, அதைச் சொல்லுங்க” என்றாள். வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே சேர்ந்துவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சபை அதிபர். அவரைக் கேட்டுத்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.