மெதுவாய்ப் போகும் ரோடு

அயர்லாந்து போகிறவர்கள் டப்ளினில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் ஸார். தென்மேற்கு மூலையில் டிங்கிள் தீபகற்பம் இருக்கிறது. அங்கே ஸ்லே ஹெட் முனையைச் சுற்றி ஒரு பஸ் டூர் போனேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அட்லாண்டிக், நடுவே ஒல்லிப்பிச்சான் ரோடு. டூர் பஸ்கள் எல்லாம் கடிகாரச் சுற்றில்தான் போகின்றன. எதிரே இன்னொரு பஸ் வந்தால் கடலில்தான் ஒதுங்கவேண்டும்!

டிங்கிளைத் தாண்டினால் போர்டுகளில் இங்கிலீஷ் காணாமல் போகிறது. ஐரிஷ் ராஜ்யம்! ரோட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் ‘கோ மால்’ என்று எழுதியிருந்தது. "ஷாப்பிங் மால் எங்கே?" என்று பின் சீட்டு அம்மணி பரபரத்தார். "மெதுவாகப் போ என்று அர்த்தம்" என்றார் டிரைவர், சிரிக்காமல்.

அவர் வீட்டில் ஐரிஷ்தானாம். அதில் யெஸ், நோவுக்குத் தனி வார்த்தையே கிடையாது. "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்." நமக்கென்ன புதுசா?

ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகளை நடந்திருக்கிறது. 2005-ல் சர்க்கார் ‘டிங்கிள்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ஐரிஷ் பெயரை மட்டும் வைத்தது. டூரிஸ்ட்டுகள் குழம்புவார்களே என்று ஊரே கொதித்தது. ஓட்டெடுப்பு எல்லாம் நடந்து, 2011-ல் சட்டம் இரண்டு பெயரையும் ஏற்றுக்கொண்டது. மொழிப் பாசம் ஒரு பக்கம், வயிற்றுப்பாடு ஒரு பக்கம்!

டூன் க்வீனில் பஸ் நின்றது. எதிரே, கூப்பிடு தூரம் போல, கிரேட் பிளாஸ்கெட் தீவு. மீனவரான தோமாஸ் ஓ க்ரிஹன் தன் வாழ்க்கையை ஐரிஷில் எழுதி, 1929-ல் புத்தகமாக வந்தது இந்தத் தீவிலிருந்துதான். ஆனால் டாக்டர் கிடையாது. 1947 தொடக்கத்தில் ஒரு இளைஞர் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, புயலில் படகு விட முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். 1953-ல் மிச்சமிருந்த 22 பேரையும் சர்க்கார் கரைக்குக் கொண்டுவர முடிவு செய்தது. இப்போது பல வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. பஸ்ஸில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2022 சென்ஸஸில் "தெரியும்" என்றவர்கள் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்களோ சுமார் 72 ஆயிரம்தான்.

டீக்கடையில் இரண்டு பொடியன்கள் ஐஸ்கிரீமுக்காக ஐரிஷில் அடித்துக்கொண்டார்கள். அம்மாக்காரி ஐரிஷிலேயே அர்ச்சனை செய்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. சண்டை போடவும் திட்டு வாங்கவும் உதவுகிற மொழிக்கு ஆயுசு கெட்டி, ஸார்!