பொம்மை காயக் கொஞ்சம் வாசல்

மதுரையிலிருந்து பசுமலை தாண்டி மேற்கே திரும்பினால் விளாச்சேரி. தமிழைச் செம்மொழியாக ஏற்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்த ஊர். அவர் வாழ்ந்த வீடு இன்று அரசு நினைவில்லமாக இருக்கிறது. நவராத்திரிக்குப் படி கட்டும் வீடுகளில் இந்த ஊரின் பேரைச் சொன்னால் கொலு பொம்மைதான் நினைவுக்கு வரும்.

நான் போனது ஆடி மாதம். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசியில் கொலு, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடில், தைப் பொங்கலுக்குப் பானை என்று வரிசையாக வரப்போகும் வேலைக்கு இப்போதே மண் பிசைந்தாக வேண்டும். தெருவுக்குள் நுழைந்ததும் திண்ணை, படிக்கட்டு, சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாவற்றிலும் வண்ணம் ஏறாத பிள்ளையார்களும் தசாவதாரங்களும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கவனமாகக் கால்வைத்து நடந்தேன்.

முதலில் பார்த்தது மண் சலிக்கும் பெரியவரை. கண்மாய் மண்ணைத் தொட்டியில் ஊறவைத்துக் கரைத்து, வடிகட்டி, வண்டலாகப் படியவிட்டு எடுக்கிறார்கள். வடிகட்டியில் தங்கியதிலிருந்து வெள்ளையாக ஒரு சுக்கான்கல்லைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். மிளகைவிடச் சின்னது.

“இது ஒண்ணு உள்ள கெடந்தாப் போதும் தம்பி. சூளையில வெந்து சுண்ணாம்பா நிக்கும். மழை மாசத்துல ஈரத்தை இழுத்து உப்பி, மேல இருக்கிற மண்ணைப் பேத்துக்கிட்டு வரும். வாங்கிட்டுப் போனவுக என்னையத்தானே ஏசுவாக?”

பொம்மையின் ஆயுள் அதற்கு உருவம் வருவதற்கு முன்பே, இந்த வடிகட்டியில் முடிவாகிவிடுகிறது. வாங்குகிற நாம் வண்ணத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது உறுத்தியது.

அடுத்த வீட்டில் ஒரு அக்கா அச்சில் மண் அப்பிக்கொண்டிருந்தார். முன்பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று அச்சு இரண்டு பாதி. மண்ணைச் சப்பாத்திபோலத் தட்டி அச்சுக்குள் இறக்கி, கட்டைவிரலால் மூலை முடுக்கெல்லாம் அமுக்குகிறார். மூக்கு, விரல், கிரீட நுனி ஆகிய இடங்களில் விரல் இன்னும் ஒரு தடவை போகிறது. கனம் எங்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்தால், காயும்போது சுருங்குவது ஒத்துப்போகாமல் விரிசல் விடும். விளிம்பைக் கீறி, கரைத்த மண்ணைத் தடவி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி வைக்கிறார். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மண் சுருங்கி, தானாகவே விட்டுக்கொடுக்கிறது. வெளியே எடுத்ததும் அடியில் ஒரு ஓட்டை போட்டார்.

“இது எதுக்குக்கா?”

“உள்ள இருக்கிற காத்து போக வழி வேணும்ல? அடைச்சு வச்சா சூளையில வெடிச்சிரும். ஒண்ணு வெடிச்சாப் பக்கத்துல இருக்கிறதையும் சேத்துல்ல ஒடைக்கும்!”

அதன் பிறகு காயவைப்பது. நேரே வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடித்துவிடும். முதலில் நிழல், பிறகுதான் வெயில். ஆடிக் காற்றுக்கு மறைப்பும் வேண்டும். அதற்கெல்லாம் இடம் வேண்டும் என்பதை இந்தத் தெருவில்தான் புரிந்துகொண்டேன். பக்கத்துத் திருப்பரங்குன்றம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. நகரம் இந்தப் பக்கம் நெருங்க நெருங்க, பொம்மை காய்ந்த காலிமனைகளில் கல் ஊன்றி வீடுகள் எழும்பிவிட்டன. சந்துக்குள் கார் வருகிறது என்றால் பலகையோடு பொம்மைகளைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள், கார் போனதும் திரும்ப வெளியே வைக்கிறார்கள். பச்சை மண் பொம்மையைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கையோ காதோ போகலாம். சூளை மூட்டினால் புதிதாகக் குடிவந்தவர்கள் புகை என்று சண்டைக்கு வருகிறார்கள். அவர்களையும் குறைசொல்ல முடியாது, கைக்குழந்தை இருக்கும் வீடுகள் அவை.

அதனால் சில குடும்பங்கள் சூளையையே விட்டுவிட்டுக் காகிதக்கூழுக்கு மாறியிருக்கின்றன. கனமில்லை, சுடவேண்டியதில்லை, பார்சலில் உடைவதும் குறைவு. நல்ல மாற்றுதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரை மட்டும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தண்ணீரில் லேசில் கரையாத அதை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட சிலைக் கரைப்பு நெறிமுறைகள் விலக்கிவைத்தன. மண் பிள்ளையார் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருக்கும்போது, அது காய ஓர் இடம் இல்லாமல் போவது கொடுமை.

நகரம் இவர்களுக்குக் கெடுதல் மட்டும் செய்யவில்லை. மண் அப்பிய அக்காவின் மகன் கல்லூரியில் படிக்கிறான். பொம்மைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, சென்னைக்கும் பெங்களூருக்கும் ஆர்டர் பிடிக்கிறான். வைக்கோலும் பழைய பேப்பரும் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் மீனாட்சி திருக்கல்யாண செட்டை அவன் அடுக்கியதைப் பார்த்தேன். தாரை வார்க்கும் பெருமாளின் கைக்கு மட்டும் தனியாகப் பஞ்சு வைத்தான். வாங்க ஆள் இல்லை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மண்ணுக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024-ல் அரசு விதியைத் தளர்த்தியது. அனுமதி எளிதானாலும் கண்மாய்க்குள் சேரும் குப்பை குறையவில்லை. பெரியவரின் வடிகட்டியில் அன்று சுக்கான்கல்லோடு பால் கவர் கிழிசலும் பாட்டில் சில்லும் தங்கின. சில்லைக் கையாலேயே துழாவி எடுத்தார். விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன.

சாயங்காலம் அக்காவிடம், அரசாங்கம் ஒன்றே ஒன்று செய்வதானால் என்ன வேண்டும் என்று கேட்டேன். கடன், மானியம் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன்.

“புறம்போக்குல எல்லாருக்கும் பொதுவா ஒரு களம் வேணும் தம்பி. மேல கூரை, ஒரு ஓரமாப் புகை மேல போற மாதிரி உசரமான சூளை. ஐப்பசி மழைக்கு முந்திக் கெடைச்சா இந்த வருசத்துக் குடில் செட்டுக்கே ஆகும்” என்றார். மனு எழுதி வைத்திருக்கிறார்கள். மகன் அதைப் படித்துக் காட்டினான். கொட்டகையின் நீள அகலம் வரை அதில் இருந்தது. கேட்டிருப்பது நாலைந்து வீட்டுமனை அளவு நிலம்தான். கொடுக்கலாம்.