பூட்டி வைத்த புத்தகங்கள்

வீடும் நிலமும் தேடி வைப்பது குருக்களின் வழக்கமன்று. ஆயினும் நமக்கும் ஒரு சொத்து இருந்தது. ஒரு மர அலமாரியும் அதில் அடங்கிய முந்நூறு புத்தகங்களுமே அச்சொத்து. குருமடத்தில் பயின்ற நாள்களில் கைச்செலவை மிச்சப்படுத்திப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை பல. மூத்த குருக்கள் அன்புடன் அளித்தவை சில. இவற்றோடு, நமக்கு விவிலியம் கற்பித்த பேராசிரியரின் வகுப்புகளில் எழுதிய நான்கு குறிப்பேடுகளும் இருந்தன. நம் மறையுரைகளுக்கு அவ்வேடுகளே ஊற்று.

நாம் முதன்முதலாகப் பொறுப்பேற்ற பங்கில் இளம் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் இருந்தார். வார நாள்களில் வீட்டில் பீடி சுற்றுவார்; ஞாயிறுதோறும் சிறுவர்க்குப் பாடம் நடத்துவார். ஒரு மாலையில் அவர் நம்மிடம் வந்து, "சாமி, விதைப்பவன் உவமையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நல்ல உழவன் பாதையிலே விதையைக் கொட்டுவானா என்று ஒரு பையன் கேட்கிறான். எனக்கு விடை தெரியவில்லை. விளக்கப் புத்தகம் ஏதும் இருந்தால் ஒரு வாரம் தாருங்கள்" என்றார்.

முன்பு இரவல் கொடுத்த ஒரு புத்தகம் திரும்பி வராத வருத்தம் நம்முள் இருந்தது. அதை வெளிப்படையாகச் சொல்லாமல், "அவையெல்லாம் குருமடத்துப் புத்தகங்கள். உனக்கு விளங்காதம்மா" என்று கூறிவிட்டோம். "சரி, சாமி" என்று அவர் போய்விட்டார்.

ஐந்தாண்டுகளுக்குப் பின் வேறொரு பங்கிற்கு மாற்றலானோம். அங்கே அலமாரியை ஈரம் கசியும் சுவரோரம் நிறுத்தினோம். மழைக்காலம் கழிந்து ஒருநாள் திறந்தபோது புத்தகங்கள் வரிசை குலையாமல் நின்றன. ஒன்றை எடுத்தோம், அட்டைகளுக்கு நடுவே தாள் இல்லை, மண் இருந்தது. கரையான் உள்ளிருந்தே தின்றிருந்தது. குறிப்பேடுகள் நான்கும் முற்றாக அழிந்துபோயின. பேராசிரியர் அதற்குமுன்பே இறைவனடி சேர்ந்திருந்தார்.

சில ஆண்டுகள் சென்று, முதற்பங்கின் திருவிழாவுக்கு மறையுரையாற்ற அழைக்கப்பட்டோம். திருப்பலி முடிந்ததும் அவ்வாசிரியை மூன்று பள்ளி நோட்டுகளை நம் கையில் கொடுத்தார். ஞாயிறுதோறும் நாம் ஆற்றிய மறையுரையை வீட்டுக்குப் போனதும் நினைவிலிருந்து எழுதி வைத்திருந்தார். "புத்தகம் கிடைக்கவில்லை. சாமி சொன்னதையே எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.

புரட்டிப் பார்த்தோம். பாலஸ்தீனத்தில் முதலில் விதைத்து அதன்பின் உழும் வழக்கம் இருந்தது. ஆதலின் மிதிபட்ட தடத்திலும் விதை விழும் என்று பேராசிரியர் நமக்குக் கற்பித்த விளக்கம் அங்கே இருந்தது. அதன் ஓரத்தில் அவர் கைப்பட ஒரு குறிப்பு: "எங்கள் தாத்தாவும் மானாவாரிக் காட்டில் விதைத்துவிட்டுத்தான் உழுவார்." நாம் படித்த எந்த நூலிலும் இவ்வொப்புமை இல்லை. பூட்டி வைத்தது மண்ணாயிற்று. வாய்விட்டுச் சொன்னது வளர்ந்து நம்மிடமே திரும்பியது.

அன்று சொன்ன சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதையெல்லாம் மறந்துவிட்டேன், சாமி" என்றார். அவர் மறந்திருக்கலாம், நம்மால் மறக்க இயலவில்லை.

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூல் எளிய மக்களின் கைக்குச் செல்லவே அச்சிடப்பட்டது. இத்தாலி நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் தமிழை அரும்பாடுபட்டுக் கற்றார். அந்நாளில் சொற்பொருள் அறிய வேண்டுமாயின் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவரோ 1732-இல் சொற்களை அகரவரிசையில் அடுக்கிச் சதுரகராதியைத் தந்தார். எழுத்தறிந்த எவரும் சொல்லைத் தேடிப் பொருள் காண வழி பிறந்தது. ஊர்தோறும் மறை கற்பித்த உபதேசியார்களுக்கெனவே வேதியர் ஒழுக்கம் என்னும் நூலையும் எழுதினார். உமக்கு விளங்காது என்று அவர்களை அவர் ஒதுக்கவில்லை. அவர் வழி வந்த நாமோ ஒதுக்கினோம்.

இப்போது நம் அலமாரிக்குப் பூட்டு இல்லை. அருகில் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. எடுப்பவர் பெயர் எழுதி எடுத்துச் செல்கின்றனர். சென்ற ஆண்டு பதினொரு புத்தகங்கள் திரும்பவில்லை. வருத்தம் இல்லையென்று சொன்னால் அது பொய். ஆயினும் கரையானிடம் இழந்ததைவிட இது குறைவே.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் வீட்டில் படித்து முடித்த புத்தகம் இருந்தால் அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். தச்சரோ, தையற்காரரோ, செவிலியரோ, நீங்கள் தொழிலில் கண்டறிந்த நுட்பத்தை இளையவர் ஒருவருக்கேனும் சொல்லிக் கொடுங்கள். அவர் அதன் ஓரத்தில் எழுதப்போகும் குறிப்பு உங்களுக்கும் பாடமாகலாம்.